ஃபேக்ஸ் கிறீச்சிடும்போது என்னதான் பேசுகிறது?

[கறுப்புத் திரை. விட்டுவிட்டு ஒரு கூவல் ஒலி.]

குரல்: தொலைபேசியை எடுத்தவுடன் இந்தச் சத்தம் கேட்டு, முகம் சுளித்து வைத்தவர்கள் ஏராளம். அழைத்தது ஆளல்ல, ஃபேக்ஸ் இயந்திரம். அரை விநாடி கூவல், மூன்று விநாடி மௌனம், மறுபடி கூவல். இதன் பெயர் சி.என்.ஜி. தொனி, 1100 ஹெர்ட்ஸ். "நான் ஃபேக்ஸ். அங்கே இருப்பதும் ஃபேக்ஸ்தானா?" என்பதே கேள்வி.

[ஒலி: நீண்ட, கூர்மையான தொனி.]

ஆமாம் என்றால் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட பதில் வரும். அது சி.இ.டி. தொனி.

[அடுத்து, கலவையான இரைச்சல்.]

காதைக் கிழிக்கும் இந்தப் பகுதிதான் ஹேண்ட்ஷேக். உண்மையில் இது ஒரு பேரம். பெறும் இயந்திரம் தன்னால் என்னென்ன முடியும் என்று சொல்கிறது. அனுப்புவது அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனைச் சமிக்ஞை ஒன்றை அனுப்பிப் பார்க்கிறது. இதற்கு டிரெயினிங் என்று பெயர். லைன் மோசமா? விநாடிக்கு 14,400 பிட் என்று தொடங்கியது 9,600க்கு இறங்கும், இன்னும் மோசமென்றால் 2,400 வரைகூட. நேற்று பறந்த தாள் இன்று தவழ்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் இப்படிப் பேசிக்கொள்ள முடிவது 1980இல் வந்த குரூப் 3 என்ற பொதுத் தரத்தால். குரூப் 1 ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. குரூப் 3க்கு ஒரு நிமிடமே அதிகம். சூப்பர் ஜி3 என்பது அதன் வேகமான வடிவம், 33,600 பிட் வரை.

[திரையில்: ஒரே எழுத்து, இரண்டு தெளிவுகளில்.]

ஸ்டாண்டர்ட், ஃபைன் என்ற பொத்தான்களில் மாறுவது மேலிருந்து கீழான தெளிவு மட்டுமே: அங்குலத்துக்கு ஏறத்தாழ 98 கோடுகள், அல்லது 196. பொடி எழுத்துப் படிவத்துக்கு ஃபைன்தான் வேண்டும். நேரம் கூடும், கூடட்டும்.

இ.சி.எம். என்பது பிழை திருத்தும் முறை. பக்கத்தைச் சிறு துண்டுகளாக அனுப்பி, சிதைந்த துண்டுகளை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். தாமதமாகிறது என்று இதை அணைத்து வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் படிவத்தில் 3 என்று எழுதியது மறுமுனையில் 8 போல வந்து சேர்ந்தால்?

போலிங் கொஞ்சம் விசித்திரமானது: தாள் வைத்திருப்பவர் அனுப்புவதில்லை, வேண்டியவர் அழைத்து இழுத்துக்கொள்கிறார்.

[திரையில்: அறிக்கைத் தாள், 'ஓ.கே.' வட்டமிடப்பட்டிருக்கிறது.]

கடைசியில் வரும் டிரான்ஸ்மிஷன் ரிப்போர்ட். இதில் 'ஓ.கே.' என்றால், பக்கங்களைப் பெற்றுக்கொண்டதாக மறுமுனை இயந்திரம் ஒப்புக்கொண்டது என்று மட்டுமே பொருள். அங்கே காகிதம் தீர்ந்திருந்தால், உங்கள் கடிதம் இன்னும் அதன் நினைவகத்திலேயே உறங்கிக்கொண்டிருக்கலாம்.