கிளார்க்குக்கும் வயசாகுது

வணக்கம் நேயர்களே. சூப்பர்மேன் அண்ட் லோயிஸ் சீரியலோட கடைசி எபிசோட் பத்திதான் இன்னிக்கு பேசப்போறேன், அமெரிக்காவுல சிடபிள்யூ சேனல்ல 2024 டிசம்பர் 2ம் தேதி வந்தது, நான் ரெண்டு தடவ பார்த்துட்டேன், ரெண்டு தடவையும் முதல் பாதியில கோவம் வந்துச்சு, கடைசியில அழுதுட்டேன்.

இந்தக் கதையில சூப்பர்மேன், அதாவது கிளார்க், முதல்ல ஒரு அப்பா, அதனாலதான் எனக்கு அவ்ளோ பிடிச்சுது. மனைவி லோயிஸ், ரெட்டைப் பசங்க ஜோனதன், ஜோர்டன், ஸ்மால்வில் ஊர்ல அம்மா விட்டுட்டுப் போன பண்ணை வீடு. மூணாவது சீசன்ல லோயிசுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தப்போ, மலையையே தூக்குற மனுஷன் பக்கத்துல கைய பிசைஞ்சுகிட்டு நிக்கிறாரே, எந்த சண்டைக் காட்சியும் அதுகிட்ட நிக்காதுங்க.

நாலாவது சீசனுக்கு பட்ஜெட்ட குறைச்சுட்டாங்க, நிரந்தர நடிகர்கள்ல 7 பேர எடுத்துட்டாங்க, மொத்தமே 10 எபிசோட்தான். அது கடைசி எபிசோட்ல நல்லாவே தெரியுது. டூம்ஸ்டேங்கிற அரக்கன்கூட சண்டை, வில்லன் லெக்ஸ் லூதர் கணக்கு, எல்லாம் மளமளன்னு முடியுது. லெக்ஸா நடிச்ச மைக்கேல் கட்லிட்ஸ் அந்த சீசன் முழுக்க வயித்த கலக்கினாரு, அவருக்கு இப்படி அவசரமா ஒரு முடிவு குடுத்திருக்கக் கூடாது.

ஆனா அதுக்கப்புறம் வர்ற பகுதி இருக்கே... மாமனார் சாம் லேனோட இதயம்தான் இப்போ கிளார்க் உடம்புல துடிக்குது, மனுஷ இதயம், அதனால அவருக்கும் முடி நரைக்குது, மெதுவா தளர்ந்து போறாரு. நோய் திரும்பி வந்து லோயிஸ் முதல்ல போயிடறாங்க. தனியா ஆன கிளார்க் ஒரு நாய எடுத்து வளர்க்கிறாரு, கிரிப்டோன்னு பேரு வெக்கிறாரு. அந்த இடத்துல என்னால தாங்க முடியல. கடைசியில பசங்க குடும்பத்தோட சுத்தி நிக்க கண்ண மூடுறாரு.

முப்பது வருஷத்துக்கு மேல இருக்கிற வாழ்க்கை, ஃபோட்டோ ஆல்பம் புரட்டுற மாதிரி சில நிமிஷத்துல ஓடிடுது. எல்லாம் சீக்கிரமா ஓடிப்போச்சுன்னு சொல்றதுதான் எபிசோட் பேரே, அதனால தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க, எனக்குப் புரியுது. இருந்தாலும் லோயிஸ் இல்லாத அந்த வீட்டுல கிளார்க் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிச்சாரு, காலையில யாருக்கு காபி போட்டாரு, அதுக்குன்னு ஒரு முழு எபிசோட் எனக்கு வேணும், இன்னமும் வேணும்.