வெயில் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்தது மங்களூர் ஓடு போட்ட வீடு. காலை பத்து மணிக்கு மேல் ஓட்டு இடுக்குகளில் வெயில் இறங்கி, சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கும். வெயில் காசு என்போம். தம்பி அதைப் பிடிக்கப் போவான். கையை மூடினால் அது விரல்மேல் ஏறிக்கொள்ளும். உங்களில் பலர் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். ஓட்டு வீட்டில் வளராதவர்கள் கப்பன் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்தபோது சேலைமேலும் சட்டைமேலும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஓட்டு இடுக்கு வட்டமாகவா இருக்கிறது? இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்து வட்டமாகவா இருக்கிறது? எல்லாம் கோணல்மாணல். வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக விழ வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "ஓட்டை சதுரமா இருக்கு, வெளிச்சம் ஏன் மிஸ் வட்டமா இருக்கு?" நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. "ஓட்டை சின்னதும்மா, அதான்" என்று சொல்லிவிட்டேன். அது பதில் இல்லை என்று அன்று இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம், ஊசித்துளைப் பாடம் வந்தால் கரும்பலகையில் கோடு கிழிப்பதற்கு முன்பு, பிள்ளைகளிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுவேன்.

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அதன்மேல் கறுப்புக் காகிதம் ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு முக்கோணமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். ஜன்னலோரம் வெயிலில் வைத்து, வெளிச்சத்தை வகுப்பின் கடைசிச் சுவருக்கு அனுப்பினால் என்ன வடிவம் விழும்? முதலில் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம் என்பேன். ஏறக்குறைய எல்லாரும் முக்கோணம் என்பார்கள். ஒரு சாண் தூரத்தில் காகிதம் பிடித்தால் முக்கோணம்தான். பின்னால் போகப் போக மூலைகள் கரையும். சுவரில் விழுவது வட்டம். சதுரமாக வெட்டினாலும் வட்டம். நட்சத்திரமாக வெட்டினாலும் வட்டம்.

துளையின் வடிவம் இல்லை அது. சூரியனின் வடிவம். தரையில் கிடந்த ஒவ்வொரு காசும் சூரியனின் படம்.

சரி, துளையின் வடிவம் எங்கே போயிற்று? இதற்கு நானூறு வருடம் முன்பு ஒருவர் செய்து பார்த்த சோதனை இருக்கிறது. கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தாரே, அதே கெப்ளர். 1604-இல் வெளிவந்த ஒளியியல் நூலில் எழுதியிருக்கிறார். வெளிச்சமே தேவையில்லை. ஒரு புத்தகமும் நூலும் போதும்.

நாங்கள் செய்தது இப்படி. அலமாரியின் மேல் ஒரு புத்தகம், பாதி வெளியே நீட்டியபடி. கீழே இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே முக்கோணத் துளை போட்ட அட்டை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, துளை வழியாக இறக்கி, நுனியில் சாக்பீஸ். நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு துளையின் விளிம்பை ஒட்டியே ஒரு சுற்று வந்தால், சாக்பீஸ் தரையில் ஒரு முக்கோணம் வரையும். நூலை அவிழ்த்து அடுத்த மூலையில் கட்டினால் கொஞ்சம் தள்ளி இன்னொரு முக்கோணம். புத்தகத்தின் வலது மூலைக்கு உரியது தரையில் இடது பக்கம் விழும். "மாறிப் போச்சு மிஸ்!" என்று கத்துவார்கள். படம் ஏன் தலைகீழாக விழுகிறது என்று நான் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையே இருக்காது.

புத்தகத்தின் ஓரம் முழுக்க நூலை நகர்த்திக் கட்டிக்கொண்டே போங்கள். ஒரு பீரியட் முழுக்கப் போய்விடும், போகட்டும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக விழுந்து, கடைசியில் தரையில் நிற்பது புத்தகத்தின் நீள்சதுரம். அதன் ஓரத்தில் கலங்கலாகத் தெரிகிறதே, அங்கேதான் துளையின் வடிவம் ஒளிந்துகொண்டிருக்கிறது. நூல் இருந்த இடத்தில் ஒளிக்கதிரை வையுங்கள், புத்தகம் இருந்த இடத்தில் சூரியனை வையுங்கள். ஓட்டு வீட்டுக் காசு வந்துவிட்டது.

2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்தது. பெங்களூரில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்தது. விடுமுறை என்றாலும் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டு மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று சொல்லி நிறுத்தினேன். தரை முழுக்கப் பிறைகள். நூற்றுக்கணக்கில் பிறைகள். காசு சூரியனின் படம்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அளந்தும் பார்க்கலாம். மேலே துளை, கீழே தரை, நடுவே மூன்று மீட்டர் என்றால் காசின் குறுக்களவு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். வெயில் சாய்வாக விழுந்தால் காசு முட்டை வடிவமாக நீளும். அப்போது அட்டையை வெயிலுக்கு நேராகத் திருப்பி அளக்க வேண்டும், தூரத்தையும் அந்தக் கதிரின் வழியாகவே அளக்க வேண்டும். தூரத்தைக் காசின் அளவால் வகுத்தால் 108-க்குப் பக்கத்தில் வரும். ஓட்டை சின்னதாக இருந்தால், எந்த வடிவமானாலும் அதே எண். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதை 108-ஆல் வகுத்தால் 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். சூரியனின் குறுக்களவு அதுதான். ஸ்கேல் பிடித்து ஒரு பிள்ளை வீட்டுத் தரையில் அளந்துவிட முடிகிறது.

நேரம் முடியப்போகிறது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். துளையை எவ்வளவு சின்னதாகப் போடலாம் என்று சொல்ல இருந்தேன். துளை வழியாகப் படம் விழவைக்கும் ஒரு சாண் நீளப் பெட்டிக்கு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். அதற்கும் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி மங்கும். ஹம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருபாட்சர் கோயிலில் உள்சுவரில் கோபுரம் தலைகீழாக விழுகிறதே, அதைக் கோபுர நிழல் என்று காட்டுவார்கள். நிழல் இல்லை, படம். அடுத்த முறை குழந்தைகளோடு போனால் சுவரை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எதிரே திரும்பி, துளையைத் தேடச் சொல்லுங்கள்.

வணக்கம்.