கார்னெட்: மாணிக்கம் என்று நினைக்க வைக்கும் சிவப்புக் கல்

[திரையில்: அருகருகே இரண்டு சிவப்புக் கற்கள்]

வணக்கம். இதில் ஒன்று மாணிக்கம், இன்னொன்று கார்னெட். எது எது என்று வெறும் கண்ணால் சொல்வதில் பழகியவர்களே சில நேரம் தடுமாறுவார்கள். ஆனால் கார்னெட்டைக் காட்டிக்கொடுக்கும் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. இரும்பு.

கார்னெட் என்பது ஒரே கனிமம் இல்லை, ஒரு பெரிய குடும்பம். பச்சையும் உண்டு, ஆரஞ்சும் உண்டு. கோமேதகமும் இதில்தான் சேரும். சிவப்பில் நகைக்கு அதிகம் வருபவை அல்மண்டைன், பைரோப், அப்புறம் இரண்டும் கலந்தவை. அல்மண்டைனில் இரும்பு அதிகம். பைரோப்பில் அந்த இடத்தைப் பெரும்பாலும் மக்னீசியம் பிடித்துக்கொள்ளும்.

[திரையில்: தண்ணீரில் மிதக்கும் தெர்மகோல் துண்டு, அதன்மேல் கல்]

நகையில் பதிக்காத கல்லை இப்படி மிதக்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். அல்மண்டைன் என்றால் மிதவையோடு நகர்ந்து வரும். மாணிக்கம் அசையாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரண காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், அதற்கு அவ்வளவு வலு கிடையாது.

[திரையில்: இருட்டு அறை, புற ஊதா விளக்கு]

இப்போது புற ஊதா விளக்கு. பல மாணிக்கங்கள் தணல் போல ஒளிரும். கார்னெட் இருண்டே கிடக்கும், ஏனென்றால் இரும்பு அந்த ஒளிர்வை அடக்கிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழங்கதைகளில் கார்னெட்தான் இருட்டில் தானாக எரியும் கல்! நோவாவின் பேழைக்குள் விளக்காக இருந்ததே இதுதான் என்றுகூட ஒரு கதை. அந்தக் காலத்தில் சிவப்புக் கற்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்தான். மாணிக்கத்தின் புகழைக் கார்னெட் வாங்கிக்கொண்டது என்பது என் ஊகம்.

உண்மையில் கார்னெட்டின் பிரச்சினையே இருட்டுதான். கல் கொஞ்சம் தடித்தாலும் கறுத்துப்போய்விடும். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 7ஆம் நூற்றாண்டுப் புதையல் கிடைத்தது. அதில் கார்னெட்டை மெல்லிய தகடாக வெட்டி, அடியில் கோடு பதித்த தங்கத்தாளை வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் ஒளி தாளில் பட்டுத் திரும்பும், கல் பளிச்சென்று தெரியும். எவ்வளவு கெட்டிக்கார வேலை பாருங்கள்.

பயணத்தில் காக்கும் கல் என்ற நம்பிக்கையும் பழசு. ஜனவரிக்கான கல் என்கிற இன்றைய பட்டியல் மட்டும் 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் ஒழுங்குபடுத்தியது.

[திரையில்: கிண்ணம், மென்மையான பிரஷ்]

சரி, பராமரிப்பு. கற்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கார்னெட் சுமார் 7 முதல் 7.5 வரை. சாதாரணத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸே 7. அதனால் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, மென்மையான பிரஷ் போதும். 9 அளவுள்ள மாணிக்கம், நீலக்கல்லோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும்.

திடீர்ச் சூடு ஆகவே ஆகாது, கல் விரிசல் விடலாம். நீராவியால் சுத்தம் செய்ய வேண்டாம். மோதிரத்தைப் பற்றவைக்கக் கொடுத்தால், முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.