மீதி யாருக்கு?

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வாங்கில் கைத்தொலைபேசியோடு இருக்கும் தம்பி தங்கைமாரே, வணக்கம்.

தலைவர் என்னைத் தேர்தல் சட்ட வல்லுநர் என்று அறிமுகம் செய்துவிட்டார். அது அவருடைய அன்பு. நான் கணிதம் படிப்பித்தவன். தேர்தல் வந்தால் ஆசிரியர்களைக் கடமைக்கு அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி அழைக்கப்பட்டு, மத்திய கல்லூரி மண்டபத்தில் பிளேன் டீயைக் குடித்துக்கொண்டு விடிய விடிய வாக்கெண்ணியவர்களில் நானும் ஒருவன். அந்த மேசையில் இருந்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாங்கள் தேர்தல் காலத்தில் ஆட்களைப் பற்றி மூன்று மாதம் சண்டை பிடிக்கிறோம். அந்த ஆட்களில் யார் உள்ளே போவார், யார் வெளியே நிற்பார் என்று தீர்மானிக்கிற வகுத்தல் கணக்கைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை.

ஆகவேதான் கரும்பலகை கேட்டேன். கொண்டுவந்து வைத்த தம்பிக்கு நன்றி. வெண்கட்டி கொஞ்சம் ஈரம், பரவாயில்லை.

2024 நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலை எடுப்போம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், கிளிநொச்சியும் சேர்த்து, ஆறு ஆசனம். அந்த ஆறுக்குக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக 44 பட்டியல்கள். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேரைப் போட வேண்டும் என்பது சட்டம். 44 தர 9, 396 பேர். வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போடுவதற்கே வயோதிபர்கள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

செல்லுபடியான வாக்குகள் 3,25,312. இதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது ஏறக்குறைய 16,266 வாக்கு எடுக்காத பட்டியல்கள் எல்லாம் கணக்குக்கு வெளியே போய்விடும். இதை வெட்டுப்புள்ளி என்கிறோம். வெட்டிய பிறகு மிஞ்சியவை ஆறு பட்டியல்கள். தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழ் அரசுக் கட்சி 63,327. தமிழ்க் காங்கிரஸ் 27,986. சுயேச்சைக் குழு 17க்கு 27,855. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. கூட்டினால் 2,40,241 வருகிறது. மற்ற எண்பத்தையாயிரம் பேரும் வெயிலில் வரிசையில் நின்று, புள்ளடி போட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆசனக் கணக்கைப் பொறுத்தவரை அவர்கள் வரவே இல்லை.

அடுத்தது போனஸ். கூடுதலாக வாக்கெடுத்த பட்டியலுக்கு ஓர் ஆசனத்தைச் சட்டம் முதலிலேயே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் ஐந்து. 2,40,241ஐ ஐந்தால் வகுத்தால் 48,048. ஒரு முழு ஆசனத்தின் விலை அதுதான். தேசிய மக்கள் சக்திக்கு ஒரு தடவை போகிறது, மீதி 32,782. தமிழ் அரசுக் கட்சிக்கும் ஒரு தடவை, மீதி 15,279. மற்றவர்களுக்கு ஒரு தடவைகூடப் போகாது. அவர்கள் எடுத்த வாக்கு முழுவதுமே மீதிதான். இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அதை மீதியின் பருமன் பார்த்துக் கொடுக்க வேண்டும். 32,782, 27,986, 27,855. முடிந்தது கணக்கு.

பலகையைப் பாருங்கள். நூற்றுக்கு இருபத்தைந்து வாக்கு எடுத்தவர்களுக்கு ஆறில் மூன்று. அறுபத்துமூவாயிரம் எடுத்தவர்களுக்கு ஒன்று. இருபத்தெட்டாயிரத்துக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கும் அதே ஒன்று. யாரும் கள்ள வாக்குப் போடவில்லை. எவரும் பெட்டியை மாற்றவில்லை. அத்தனையும் சட்டப்படி.

இந்தக் கரும்பலகையிலேயே ஒரு விளையாட்டு விளையாடுவோம். போனஸ் ஆசனத்தை அழித்துவிடுகிறேன். இப்போது ஆறால் வகுக்க வேண்டும்: 40,040. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு தடவை போய், மீதி வெறும் 750. தமிழ் அரசுக் கட்சிக்கு ஒன்று போய், மீதி 23,287. கூட்டணியின் 22,513ஐ விட அது 774 வாக்குக் கூட. ஆகவே இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறவில்லை. சட்டத்தில் ஒரு வரியைத் துடைத்தேன், ஓர் ஆசனம் இடம் மாறிவிட்டது.

இனி வெட்டுப்புள்ளி. 1978 அரசியலமைப்பு வந்தபோது அது ஐந்து அல்ல, பன்னிரண்டரை. 1988இல் பதினைந்தாவது திருத்தம்தான் அதை ஐந்தாக இறக்கியது. பன்னிரண்டரை இருந்திருந்தால் 2024இல் நாற்பதாயிரத்துக்கு மேல் எடுத்த இரண்டு கட்சிகள்தான் தப்பியிருக்கும். கணக்கைச் செய்து பார்த்தேன், நான்குக்கு இரண்டு வருகிறது. மற்ற எல்லோரும் வீட்டில். சிறிய கட்சிகளை வைத்துக் கூட்டணி பேசுகிறவர்கள் அந்தத் திருத்தத்துக்கு வருடாவருடம் ஒரு பொங்கல் வைக்கலாம்.

இன்னுமொரு எண். அந்தத் தேர்தலில் இந்த மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஓர் ஆசனம் பெற்ற மூன்று பட்டியல்களில் இரண்டின் வாக்கை விடக் கூட! சிலர் வேண்டுமென்றே பழுதாக்குவார்கள். வெறுமையான சீட்டை அப்படியே போட்டவர்களும் உண்டு. ஆனால் எண்ணும் மேசையில் என் வயிற்றை எரித்தவை வேறு. கட்சியின் சின்னத்துக்கு நேரே ஒன்றும் இல்லை. கீழே வேட்பாளர்களுக்குரிய விருப்பு இலக்கங்களில் மட்டும் அழகாக, அளவெடுத்தாற்போல மூன்று புள்ளடி. அந்த மனிதர் மூன்று வேட்பாளரின் இலக்கத்தையும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கட்சிக்குப் போடாத விருப்பு வாக்கு செல்லாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேட்பாளர்கள் தங்கள் தங்கள் இலக்கத்தைத்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரே பட்டியலில் இருப்பவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வைக்கும் முறை இது. அதன் செலவு இப்படிச் செல்லாச் சீட்டுக் கட்டாக மேசைக்கு வந்து சேர்கிறது.

சரி, பழைய தொகுதி முறை நல்லதோ என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. பார்ப்போம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்கள் வீட்டில் அன்று பாயசம். ஆனால் கணக்கு என்ன? தமிழர் விடுதலைக் கூட்டணி நாடு முழுவதற்கும் நூற்றுக்கு ஏழு வாக்குக்கும் குறைவாக எடுத்து 18 ஆசனம் பெற்றது. சுதந்திரக் கட்சி ஏறக்குறைய முப்பது வீதம் எடுத்து 8 ஆசனம். எங்களுடைய வாக்கு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது, அவர்களுடைய வாக்கு தீவெங்கும் சிதறிக் கிடந்தது. நாங்கள் இன்றும் பெருமையோடு சொல்கிற அந்தப் பதவியில் பாதி மக்கள் ஆணை, பாதி தொகுதி முறையின் கோணல். அதே கோணல்தான் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பாதி வாக்குக்கு 168இல் 140 ஆசனம் கொடுத்தது. அந்தப் பலத்தில்தான் அவர்கள் 1978 அரசியலமைப்பையே எழுதினார்கள். கோணல் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைப் பாயசம் குடித்த வீடுகள் கவனிக்கவில்லை.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் சுவாரசியம். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் குரலுக்கு இணங்கிப் பகிஷ்கரித்தோம். வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அன்று சட்டசபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியும், குழுவின் தலைவர்தான் மந்திரி. 1936இல் ஏழு குழுக்களுக்கும் சிங்களத் தலைவர்களே வந்து, தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது. எந்தக் குழுவில் எத்தனை பேரைப் போட்டால் ஏழிலும் பெரும்பான்மை கிடைக்கும் என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் உரும்பிராயில் பிறந்த கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம் என்று நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. கணித ஆசிரியன் என்ற முறையில் இதைக் கேட்கும்போது எனக்குப் பெருமைப்படுவதா, தலையைக் குனிவதா என்று தெரிவதில்லை.

மலையகத்தை மறந்துவிட்டுப் பேசினால் இந்தப் பேச்சு குறைப் பேச்சு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. 1952இல் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. இதில் நுட்பமான இடம் எது தெரியுமா? ஆசனங்களை அன்று சனத்தொகைப்படி பிரித்தார்கள். வாக்கில்லாத தோட்டத் தொழிலாளியும் தலைக்கணக்கில் சேர்த்தி. அவருடைய தலையால் கிடைத்த ஆசனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர் வாக்களித்தார். ஆளை எண்ணினார்கள், அவருடைய வாயை எண்ணவில்லை. இந்த விவகாரத்தில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இன்று விதி தலைகீழ். இப்போது ஆசனம் பிரிப்பது சனத்தொகையை வைத்து அல்ல, இடாப்பில் உள்ள வாக்காளர் எண்ணிக்கையை வைத்து. ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காக 36 ஆசனங்களை ஒதுக்கிவிட்டு, 160 ஆசனங்களை வாக்காளர் தொகைக்கு ஏற்பப் பகிர்கிறார்கள். ஏறக்குறைய ஒரு இலட்சத்து ஏழாயிரம் வாக்காளருக்கு ஓர் ஆசனம். அந்த மாகாண ஒதுக்கீட்டின் புண்ணியத்தில், எங்கள் வாக்காளரில் பாதிக்குச் சற்றுக் கூடவே உள்ள வன்னிக்கும் ஆறு ஆசனம் இருக்கிறது. நான் அதற்குப் பொறாமைப்படவில்லை, அந்த நிலப்பரப்பைப் பார்த்தால் நியாயம்தான். யாழ்ப்பாணத்தைச் சொல்கிறேன். 1989இல் பதினொன்று. 2010இல் ஒன்பது. 2015இல் ஏழு. 2024இல் ஆறு.

செத்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கடல் கடந்தவர்கள் எல்லோரும் அந்தக் கழித்தலுக்குள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க எங்கள் சட்டத்தில் வழி இல்லை. சாதாரணமாக வதிகிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும்.

சட்டம் இன்னொரு விதமாகவும் பேசாமல் இருக்கும். இத்தனை பேர் வந்து வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்ற குறைந்தபட்ச எல்லை இங்கே கிடையாது. 1994இல் யுத்தத்துக்கு நடுவே இந்த மாவட்டத்தில் பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளோடு ஒரு சுயேச்சைக் குழு ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. முழு மாவட்டத்தின் பெயரிலும் அவர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். கணக்கில் பிழை இல்லை.

மாகாண சபையைக் கேட்பீர்கள். 2013 செப்டம்பரில் வாக்களித்தோம், 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2017இல், பழைய முறையை அழித்துத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது. பழைய வீட்டை இடித்தாயிற்று, புதிய வீட்டின் வரைபடத்தைக் கிழித்தாயிற்று, குடியிருப்பவர் முற்றத்தில் நிற்கிறார். வாக்குரிமையை யாரும் பறிக்கவில்லை. தேர்தல்தான் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். என் மகன் வெளிநாட்டுக்குப் போய் மூன்றாவது வருடம், கிராம அலுவலர் இடாப்புப் படிவத்தோடு எங்கள் படலைக்கு வந்தார். "மாஸ்டர், மகனின் பெயரை விடுவதா, வெட்டுவதா?" என்று கேட்டார். மனைவி உள்ளே இருந்து, "அவன் திரும்பி வருவான், விடுங்கள்" என்றாள். அக்கம்பக்கத்து வீடுகளில் போனவர்களின் பெயர்கள் அப்படியே கிடப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரியும். ஒரு இலட்சத்து ஏழாயிரத்தில் ஒன்று என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பேனாவை வாங்கி நானே கோடு கீறினேன். அவர் போன பிறகும் மனைவி கொஞ்ச நேரம் விறாந்தையிலேயே நின்றாள்.