கன்று நட்ட பிறகு

வணக்கம். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைத் தோண்டி முடித்ததும் குழியை நிரப்பி, மேல்மண்ணைப் பரப்பி, கன்றும் நட்டுவிடுகிறார்கள். சரி, இருபது வருஷம் கழித்து அந்தக் கன்றெல்லாம் என்ன ஆயிற்று? அதைச் சொல்ல இன்று செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டில் முதலாவது பறந்தது 1972-இல். 1980-களிலிருந்து அந்த வரிசை எடுத்த படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர் சதுரம். 2008-இல் அந்தப் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டதால், ஒரே இடம் காடாக இருந்த வருஷம், குழியான வருஷம், மூடிய வருஷம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது. இது பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் இந்த இரண்டு ஒளி அளவுகளின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ (NDVI), அதாவது நிலத்தின் பசுமையைக் காட்டும் எண். வெறும் மண்ணில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், அடர்ந்த காட்டில் 0.8-க்குப் பக்கத்தில் போகும்.

எனக்கு உறுத்தலாக இருப்பது, அந்த எண் ஏறியதுமே நிலம் மீண்டுவிட்டது என்று சொல்லிவிடுவது. புல்லும் பச்சைதான், களையும் பச்சைதான், ஒரே வகை மரத்தோப்பும் பச்சைதான். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைகளில் பல சுரங்கங்களை மூடும்போது, மண் சரிந்துவிடக் கூடாதே என்று கனரக வண்டிகளால் இறுக்கி அழுத்தி, வேகமாக வளரும் வெளியூர்ப் புல்லை விதைத்தார்கள்; புல் வந்துவிட்டது, ஆனால் இறுகிய மண்ணுக்குள் மர வேர் இறங்க முடியாமல் பல இடங்கள் பல பத்து வருஷங்களாகப் புல்வெளியாகவே நின்றுபோயின.

அதனால் ஒரு வருஷத்துப் படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பக்கத்தில் யாரும் தொடாத காடு இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், முக்கியமாக வறட்சியான வருஷங்களில். காடு தாக்குப்பிடித்து, மூடிய நிலம் மட்டும் சட்டென்று வாடினால், வேர் ஆழம் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். மரத்தின் உயரத்தை விண்வெளியிலிருந்து லேசர் அளந்து தரும், தரை தாழ்கிறதா என்பதை ரேடார் காட்டும்.

அப்புறம், அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்துக்கே போக வேண்டும். எண் ஏறிய இடத்திலும் இறங்கிய இடத்திலும் மண்ணைக் கொஞ்சம் கிளறி மண்புழு இருக்கிறதா, ஓடைத் தண்ணீரில் அமிலம் ஏறியிருக்கிறதா, யாரும் நடாத கன்று ஏதாவது தானாக முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.