இரவல் கிண்ணங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

கிரேக்கப் போர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மராத்தான், தெர்மோபிலே என்று ஆரம்பித்தால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள், சினிமாவிலேயே பார்த்தாயிற்று. நான் ஒரு விருந்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பத்து வருடம் அடித்துக்கொண்டு, கி.மு. 421இல் சமாதானம் பேசி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த காலம். சிசிலித் தீவிலிருந்து, எகெஸ்டா என்ற ஊரின் தூதர்கள் ஏதென்ஸுக்கு வந்தார்கள். பக்கத்து ஊரான செலினஸோடு எல்லைத் தகராறு, கல்யாணத் தகராறு. செலினஸுக்குத் துணை, தீவின் பெரிய நகரமான சிராக்யூஸ். "நீங்கள் படையோடு வாருங்கள், செலவு எங்களுடையது" என்றார்கள்.

ஏதென்ஸ்காரர்கள் ஏமாளிகள் அல்ல. பணம் இருக்கிறதா, பார்த்து வாருங்கள் என்று ஆளனுப்பினார்கள். போனவர்களுக்கு எகெஸ்டாவில் வீட்டுக்கு வீடு விருந்து. எந்த வீட்டுக்குப் போனாலும் பொன் கிண்ணம், வெள்ளிக் கிண்ணம். கூடப் போன மாலுமிகள் வாயைப் பிளந்தார்கள். விஷயம் என்னவென்றால், ஊரில் இருந்த கிண்ணங்களை எல்லாம் திரட்டி, போதாதென்று அக்கம்பக்கத்து ஊர்களிலும் இரவல் வாங்கி, இன்று இந்த வீடு நாளை அந்த வீடு என்று அதையே சுற்றில் விட்டிருந்தார்கள்! நம்மூரில் பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு நாற்காலி வருவதைப் போல. அப்புறம் படை போய்ச் சேர்ந்தபோது, எகெஸ்டாவின் கஜானாவில் கொடுப்பதற்கு இருந்தது வெறும் 30 தாலந்து (தாலந்து என்பது அந்தக் காலத்துப் பணக் கணக்கு).

ஆனால் கிண்ணத்தின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. கி.மு. 415 வசந்தத்தில் ஏதென்ஸின் மக்கள் சபையில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே 60 கப்பல் அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. நான்கு நாள் கழித்து மறுபடி கூடியபோது நிக்கியாஸ் எழுந்தார். சமாதானம் பேசி முடித்தவர் அவர்தான். பெரும் பணக்காரர், வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆயிரம் அடிமைகளை வாடகைக்கு விட்டவர். 'இங்கே எதிரி வாசலில் நிற்கிறான், நீங்கள் கடல் தாண்டி இன்னொரு எதிரியைத் தேடுகிறீர்களே' என்பது அவர் வாதம். எதிர்ப்பக்கம் அல்கிபியாடிஸ். இளைஞர், அழகர், ஒலிம்பிக்கில் ஏழு ரதம் ஓட்டவைத்து முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தவர். சபை அவர் பின்னால் போவது தெரிந்ததும், நிக்கியாஸ் ஒரு தந்திரம் செய்தார். சரி, போவதென்றால் 100 கப்பலாவது வேண்டும், 5000 கனரகக் காலாட்படையாவது வேண்டும், செலவு மலைபோல் வரும் என்று அடுக்கினார். பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார். சபையோ, அவ்வளவு பெரிய படை போனால் தோல்வி ஏது என்று துள்ளிக் குதித்தது. கேட்டதை எல்லாம் கொடுத்து, அல்கிபியாடிஸ், லமாகஸ் இருவரோடு அவரையும் தளபதியாக அனுப்பியது.

அன்று வேண்டாம் என்று நினைத்தவர்களும் சபையில் இருந்தார்கள். எதிர்த்துக் கையைத் தூக்கினால் தேசத்துரோகி என்பார்களே என்று சும்மா இருந்துவிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் துசிடிடீஸ். அவரே ஒரு தோல்விக்காக அதே ஏதென்ஸால் நாடு கடத்தப்பட்ட தளபதி. எனக்கு இந்தப் போரின் மொத்தக் கதையும் அந்தத் தூக்காத கைகளில்தான் இருக்கிறது. எதிரியைவிடச் சொந்த ஊருக்குப் பயந்தவர்கள் நடத்திய போர் இது.

அல்கிபியாடிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் ஒரே இரவில், தெருவெல்லாம் நின்ற ஹெர்மிஸ் கடவுளின் சிலைகளை யாரோ சிதைத்துவிட்டார்கள். சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. இப்போதே விசாரியுங்கள் என்றார். ஊரிலிருந்த அவருடைய எதிரிகள் மறுத்தார்கள், படை போனபின் விசாரித்தால்தானே அவருக்கு ஆதரவாகக் கை தூக்க ஆளிருக்காது? சிசிலியில் இறங்கிய கொஞ்ச நாளில் கைது செய்யக் கப்பல் வந்தது. மனிதர் வழியிலேயே நழுவி, ஸ்பார்ட்டாவுக்குப் போய், ஏதென்ஸை எங்கே அடித்தால் வலிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். ஸ்பார்ட்டா, கிலிப்பஸ் என்ற தளபதியை சிராக்யூஸுக்கு அனுப்பியது.

அடுத்த ஆண்டு லமாகஸ் சண்டையில் செத்தார். போரே வேண்டாம் என்று சொன்ன நிக்கியாஸ் மட்டும் மிச்சம், அதுவும் சிறுநீரக நோயோடு. என்னை மாற்றுங்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். ஊர் மாற்றவில்லை, டெமாஸ்தனிஸ் தலைமையில் இன்னும் 73 கப்பலை அனுப்பியது. வந்தவர் இரவில் ஒரு தாக்குதல் நடத்தித் தோற்றதும், கிளம்பிவிடலாம் என்றார். நிக்கியாஸ் அசையவில்லை. சபை உத்தரவில்லாமல் திரும்பினால், இன்று இங்கே முனகும் இதே சிப்பாய்கள் நாளை சபையில் உட்கார்ந்து 'லஞ்சம் வாங்கிவிட்டார்' என்பார்கள். அதைவிட எதிரி கையில் சாவதே மேல் என்றார்.

கடைசியில் அவரும் சம்மதித்து, மூட்டை கட்டிய வேளையில் சந்திர கிரகணம். கி.மு. 413, ஆகஸ்ட் 27. குறி சொல்பவர்கள் 27 நாள் நகரக் கூடாது என்றார்கள். நிக்கியாஸ் நகரவில்லை. அதற்குள் சிராக்யூஸ் துறைமுக வாயை அடைத்துவிட்டது. உடைத்து வெளியேற நடந்த கடற்சண்டையில் தோற்று, தரைவழியே நடந்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர். அசினாரஸ் ஆற்றை எட்டியபோது தாகம் தாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, சேறும் ரத்தமும் கலந்த தண்ணீரை, மேலே ஈட்டி பாய்ந்துகொண்டிருக்கும்போதே குடித்தார்கள்.

தளபதிகள் இருவரையும் கொன்றார்கள். 7000 பேருக்குக் குறையாமல் கல்குவாரியில் அடைத்தார்கள். மேலே கூரை இல்லை. ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் அளவுத் தானியம், எட்டு மாதம்.

ஊருக்குச் செய்தி எப்படிப் போனது என்பதை, பிற்காலத்தில் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய ப்ளூட்டார்க் சொல்கிறார். ஏதென்ஸின் துறைமுகமான பைரியஸில் இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் சலூனில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல சிசிலித் தோல்வியைப் பேசியிருக்கிறார். முடிவெட்டுபவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நகரத்துக்கு ஓடினார். சபை கூடியது. யார் சொன்னது என்று கேட்டார்கள். அவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. வதந்தி பரப்புகிறான் என்று சக்கரத்தில் கட்டி முறுக்கினார்கள், தூதர்கள் வந்து நடந்ததையெல்லாம் சொல்லும்வரை.