குரைப்பவர் அறிவிப்பாளரான கதை

நேயர்களுக்கு வணக்கம்.

கேட்டரிங் மாணவர்களிடம் வகுப்பின் முதல் நாளே நான் சொல்லும் பெயர், பிரெஞ்சுச் சமையல் கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. அவர் எழுதி 1903இல் வெளிவந்த சமையல் நூலைப் பற்றி அப்போது பேசுவதில்லை. அவர் வாங்கிய அடியைப் பற்றித்தான் பேசுவேன்.

1846இல் தெற்கு பிரான்சில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். சிற்பியாக ஆசைப்பட்ட பையனை, 13 வயதில் நீஸ் நகரில் பெரியவர் ஒருவர் நடத்திய உணவகத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் வேறு யாருமல்ல, உறவுக்காரர்தான். ஆனாலும் வசவும் அடியும் குறையவில்லை. குள்ளமான உடல் என்பதால் அடுப்பின் அனல் முகத்தில் அறையும்; உயர்ந்த குதிகால் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்.

1890இல் ஹோட்டல் நிர்வாகி சேசர் ரிட்ஸுடன் லண்டனுக்குச் சென்று சவாய் ஹோட்டலின் சமையலறைப் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. ஆனால் அந்தச் சமையலறை அவர் சொல்லுக்கு அடங்கியது. கத்தக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, குடிக்கக் கூடாது என்றார். தடை மட்டும் போட்டால் அனலில் நிற்பவனின் தாகம் தீருமா? மருத்துவரைக் கலந்து பார்லி பானம் ஒன்றைத் தயாரிக்கச் செய்து, எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்தார். வாடிக்கையாளர் கேட்டதை உள்ளே உரக்கக் கூவுபவருக்குப் பிரெஞ்சுச் சமையலறைகளில் 'குரைப்பவர்' என்று பெயர். அதை 'அறிவிப்பாளர்' என்று மாற்றினார். வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்லும்போது என் மனம் நெகிழ்கிறது.

வேலையையும் பிரித்தார். முட்டையும் ஆட்டுச் சிறுநீரகமும் சாஸும் சேர்ந்த ஓர் உணவை ஒருவரே செய்தால் கால் மணி நேரம் ஆகும். முட்டை ஒருவரிடம், இறைச்சி இன்னொருவரிடம், சாஸ் மூன்றாமவரிடம் என்று பிரித்தபோது சில நிமிடங்களில் தட்டு தயார். இன்றும் பெரிய ஹோட்டல்கள் இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன.

பாடகி நெல்லி மெல்பாவுக்காக அவர் படைத்த பீச் மெல்பா என்ற இனிப்பை உலகம் அறியும். எனக்குப் பிடித்தது காடைக் கதை. விருந்தினருக்கு நெஞ்சுக்கறி போக, மிஞ்சிய கால்களைச் சோற்றோடு பக்குவமாகச் சமைத்து, ஏழை முதியோரைப் பேணும் கன்னியாஸ்திரிகளுக்கு அனுப்பினார்.

கறையும் உண்டு, மறைக்க மாட்டேன். 1898இல் ரிட்ஸோடு அவரையும் சவாய் வெளியேற்றியது. சரக்கு கொடுத்த வணிகர்களிடம் கமிஷன் பெற்றதாக 1900இல் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 1899இல், லண்டனிலேயே கார்ல்டன் ஹோட்டலில் அடுப்பு மூட்டிவிட்டார். அங்கே 1920 வரை உழைத்தார்.

மனைவி டெல்ஃபின் ஒரு கவிஞர். லண்டன் வாழ்க்கை ஒத்துவராமல் பிள்ளைகளுடன் மொனாக்கோவின் மான்டே கார்லோவுக்குத் திரும்பிவிட்டார். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் வீடுகளுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. 73 வயதில் எஸ்கோஃபியே வேலையை விட்டு மனைவியிடம் போய்ச் சேர்ந்தார். 15 ஆண்டுகள் ஒன்றாக இருந்தார்கள். 1935 பிப்ரவரி 6ஆம் தேதி டெல்ஃபின் காலமானார். 12ஆம் தேதி அவரும் போய்விட்டார்.